மலைப்பாதையில் கார் சத்தம்: சஸ்பென்ஷன் கோளாறும் ஷோரூம் பில்லும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் ஜீப், பிக்கப், மேனேஜர் கார் எல்லாவற்றுக்கும் ரிப்பேர் பில் சரிபார்த்துக் கையெழுத்துக்கு வைத்தவன். பில்லைப் படித்துப் படித்துத்தான் வண்டியின் அடிப்பாகம் எனக்குப் பழக்கமானது. "கீழே ஏதோ சத்தம் வருது, ஷோரூமில் இவ்வளவு கேட்கிறாங்க, கொடுக்கலாமா?" என்று இப்போதும் யாராவது வந்து கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதையும் நான் சொல்வதையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

மலையில் ஓடும் வண்டிக்கு மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் சத்தம் வருகிறது?

எல்லோரும் பள்ளத்தைத் திட்டுவார்கள். பள்ளம் பாதிக் காரணம்தான். சமவெளியில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிப்பது பார்க்கிங்கில் மட்டும். கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு, மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடை இறங்கினால் 43. ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங் முழுசாகத் திரும்பியிருக்கும், வண்டியின் எடை வெளிப்பக்கச் சக்கரத்தில் சாய்ந்திருக்கும், ஏறும்போது இன்ஜினும் அதே சக்கரங்களை இழுத்துக்கொண்டிருக்கும். இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்க எடை முன்பக்கம் வந்து விழும். சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கைதான் லோயர் ஆர்ம்; அதன் ரப்பர் புஷ் (இரும்பும் இரும்பும் மோதாமல் நடுவில் இருக்கும் ரப்பர் வளையம்) ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு முறை இழுபட்டுத் திரும்பும்.

அப்புறம் குளிர். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தாப் பக்கம் உறைபனி விழும் காலையில் ரப்பர் விறைத்துப்போய் இருக்கும். விறைத்த ரப்பர் அதிர்ச்சியை வாங்காது, அப்படியே பாடிக்குக் கடத்தும். மழையும் சேர்ந்துகொள்ளும். கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை, குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு. ஜாயிண்டுகளை மூடியிருக்கும் ரப்பர் உறை ஒரு இடத்தில் கிழிந்தால் போதும், சேறும் தண்ணீரும் உள்ளே போய்க் கிரீஸைக் கெடுத்துவிடும். எஸ்டேட்டுக்குள் கல் பாவிய பாதையில் தினமும் போகிறவர்களுக்கு நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கே என்று தேடாதீர்கள், எப்போது என்று தேடுங்கள். காரின் பாடி ஒரு பெரிய தகர டப்பா மாதிரி. முன்னால் இடது பக்கம் தட்டினால் வலது பக்கம் தட்டுவதுபோல் கேட்கும். இடம் நம்மை ஏமாற்றும், நேரம் ஏமாற்றாது.

முதலில் வண்டியைக் காலி செய்யுங்கள். டிக்கியில் ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னியின் மேல் திருகு, கதவு அறையில் கிடக்கும் தண்ணீர் பாட்டில், எல்லாம். பின்பக்க ஷாக் (குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்) போய்விட்டது என்று வந்த ஒருவரின் டிக்கியில் ஜாக்கி லூஸாக உருண்டுகொண்டிருந்ததை நானே பார்த்திருக்கிறேன். பிறகு சக்கர நட்டுகள். சமீபத்தில் பஞ்சர் போட்டிருந்தால் அதுதான் முதல் சந்தேகம்.

இதெல்லாம் சரி என்றால் கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து மெதுவாக ஓட்டுங்கள். ஒரு சின்ன நோட்டில் இதை மட்டும் எழுதுங்கள்: இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறும் ஸ்பீட் பிரேக்கரில் வருகிறதா, ஒரு சக்கரம் மட்டும் இறங்கும் குழியில் வருகிறதா? பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டு அதே குழியில் போனால் நின்றுவிடுகிறதா? வளைவில் மட்டுமா, அதுவும் இடது வளைவா, வலது வளைவா? வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வருகிறதா? காலையில் மட்டுமா, பத்து கிலோமீட்டர் ஓடிய பிறகுமா? இந்த நோட்டுக்கு இருக்கும் மதிப்பு "கீழே ஏதோ சத்தம்" என்ற வார்த்தைக்குக் கிடையாது. அந்த வார்த்தையைக் கேட்டால் சர்வீஸ் அட்வைசர் கீழே இருக்கும் எல்லாவற்றையும் எஸ்டிமேட்டில் எழுதுவார். அவரைக் குறை சொல்லி என்ன பயன், நாம்தானே "ஏதோ" என்றோம்.

சின்னக் குழியில் மெதுவாகப் போனால் "லொட லொட". வேகமாகப் போனால் தெரியவில்லை.

பெரும்பாலும் லிங்க் ராடு, அதாவது ஸ்டெபிலைசர் லிங்க். வளைவில் வண்டி ஒரேயடியாகச் சாயாமல் இருக்க இடது வலது சக்கரங்களைச் சேர்த்து ஒரு கம்பி போகும். அந்தக் கம்பியைச் சக்கரத்தோடு இணைப்பது இந்தச் சின்ன ராடு. இரண்டு முனையிலும் குண்டு ஜாயிண்ட். அதில் பிளே, அதாவது ஆட்டம், வந்தால் ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும்போது லொடலொடக்கும். ஸ்பீட் பிரேக்கரில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் அவ்வளவாக வராது, ஏனென்றால் அப்போது கம்பிக்கு வேலை இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பாதி தீர்ப்பு சொல்லிவிடலாம்.

சந்தேகம் இருந்தால் மெக்கானிக் இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டுத் தட்டையான தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். சத்தம் நின்றால் அதுதான். லிங்க் ராடு இல்லாத வண்டி வளைவில் அதிகமாகச் சாயும், அதனால் அப்படியே மலைப்பாதையில் கொண்டுபோகக் கூடாது. மொத்த சஸ்பென்ஷனில் மலிவான பாகங்களில் ஒன்று இது. மாற்றுவதும் சீக்கிரம் முடியும்.

கொண்டை ஊசி வளைவில் "டக் டக் டக்" என்று வருகிறது.

சத்தம் சக்கரம் சுற்றும் வேகத்துக்கு ஏற்றபடி வேகமாகிறதா? அப்படியென்றால் இன்ஜினிலிருந்து முன்சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸிலின் சி.வி. ஜாயிண்ட். ஸ்டீயரிங்கை ஒடித்து ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும். சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் சிதறியிருந்தால் ரப்பர் உறை கிழிந்துவிட்டது. சத்தம் வருவதற்கு முன்பே கிழிசலைப் பார்த்துவிட்டால் உறையும் கிரீஸும் மட்டும் மாற்றினால் போதும், செலவு கொஞ்சம்தான். டக் டக் ஆரம்பித்த பிறகு ஜாயிண்டே போக வேண்டியதுதான். மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை குனிந்து பார்ப்பது அதனால்தான் லாபம்.

வண்டி நிற்கும்போதே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் "டொய்ங்" என்று ஸ்பிரிங் முறுக்கி விடுபடும் சத்தம் வருகிறதா? முன்சக்கரத்தின் மேல் ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்து நிற்கும் தூண்தான் ஸ்ட்ரட்; சத்தம் அதன் தலையில் இருக்கும் மவுண்ட் (ரப்பர் தாங்கி) அல்லது பேரிங். பானெட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் தலையில் கை வைத்துக்கொண்டு இன்னொருவரைத் திருப்பச் சொல்லுங்கள். உதறல் கையில் தெரியும்.

பிரேக் பிடித்தாலோ ரிவர்ஸ் எடுத்தாலோ ஒரே ஒரு "டொக்".

லோயர் ஆர்ம் புஷ் என்று முதலில் நினையுங்கள். ரப்பர் கிழிந்ததால் ஆர்ம் முன்னும் பின்னும் ஒரு விரற்கடை நகர்ந்து இடிக்கிறது. ஆனால் கிளட்ச் விடும்போதும் அதே டொக் வந்தால் அது சஸ்பென்ஷனே இல்லை, இன்ஜினைத் தாங்கும் ரப்பர், அதாவது இன்ஜின் மவுண்ட். குழியில் வரும் கடகடப்பு பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றால் பிரேக் பேட் அல்லது அதைப் பிடித்திருக்கும் காலிப்பரின் பின் லூஸ். இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று குழப்பிக்கொண்டு புது ஷாக் அப்சார்பர் வாங்கியவர்கள் பலர்.

புஷ் மாற்றும் இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஆர்ம் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கி, ஆர்ம் தன் இயல்பான நிலைக்கு வந்த பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை இறக்கியதுமே புது ரப்பர் முறுக்கிக்கொள்ளும், சில மாதத்தில் கிழியும். "போன வருஷம்தான் மாத்தினேன், மறுபடியும் போச்சு" என்கிற பல பேருக்கு நடந்தது இதுதான் என்பது என் கணிப்பு.

காலையில் குளிரில் "கீச் கீச்", வெயில் ஏறினால் இல்லை.

ஸ்டெபிலைசர் கம்பியைப் பாடியோடு பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷாகத்தான் பெரும்பாலும் இருக்கும். சந்தேகப்படும் புஷ்ஷில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். கீச் கொஞ்ச நேரம் அடங்கினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான். இன்ஜின் ஆயில், கிரீஸ் எதையும் அதில் தடவாதீர்கள், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும். சிலிகான் ஸ்ப்ரே அடிக்கலாம். இது காதுக்குத்தான் தொல்லை, ஆபத்து இல்லை. பொங்கல் வரைக்கும் பொறுத்துக்கொண்டாலும் ஒன்றும் ஆகாது.

"உம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம், வேகத்தோடு கூடுகிறது.

வீல் பேரிங் அல்லது டயர். இடது வளைவில் எடை வலது சக்கரத்துக்குப் போகும். இடது வளைவில் ரீங்காரம் கூடினால் வலது பேரிங், வலது வளைவில் கூடினால் இடது. வளைவுக்கு அசையாமல் ஒரே மாதிரி இருந்தால் முன்டயரைப் பின்னுக்கு மாற்றிப் பாருங்கள். சத்தம் இடம் மாறினால் டயர்தான் அலையலையாகத் தேய்ந்திருக்கிறது. வளைவுக்குப் பஞ்சமில்லாத ஊரில் இருப்பதன் ஒரே வசதி இந்தப் பரிசோதனை.

எந்தச் சத்தம் வந்தால் வண்டியை எடுக்கவே கூடாது?

பால் ஜாயிண்ட் (லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் குண்டு மூட்டு), டை ராடு எண்டு (ஸ்டீயரிங் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் முனை), உடைந்த ஸ்பிரிங், லூஸான சக்கரம். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். டை ராடு எண்டு கழன்றால் ஸ்டீயரிங் கையில் இருக்கும், சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். ஸ்பிரிங் உடைந்தால் "டங்" என்று ஒரு பெரிய சத்தத்துக்குப் பிறகு வண்டி ஒரு மூலையில் தாழ்ந்து நிற்கும். உடைந்த முனை டயரைக் கிழிக்கலாம்.

அடையாளம்: வளைவில் "கடக்" சத்தத்தோடு ஸ்டீயரிங்கில் உதறல், நேர் ரோட்டிலேயே வண்டி அலைவது, ஸ்டீயரிங்கில் திடீரென்று அதிக பிளே. இதில் எது இருந்தாலும் "மெதுவா இறக்கி மேட்டுப்பாளையத்தில் காட்டிவிடலாம்" என்று கிளம்பாதீர்கள். இறக்கத்தில் முன்சக்கரத்துக்குத்தான் முழுப் பாரம். உள்ளூர் மெக்கானிக்கை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள், அல்லது வண்டியைத் தூக்கிப் போகும் டிரக்கில் ஏற்றுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் செலவு கணக்கே பார்க்க மாட்டேன்.

"ஷாக் போயிடுச்சு சார், நாலும் மாத்தணும்" என்கிறார்கள். நம்பலாமா?

காட்டச் சொல்லுங்கள். தண்டில் லேசான எண்ணெய்ப் பிசுபிசுப்பு கசிவு ஆகாது, அது சாதாரணம். எண்ணெய் உடம்பில் வழிந்து தூசி அப்பிக் கறுப்பாக இருந்தால்தான் போனது. மூலையை அழுத்திவிட்டால் வண்டி இரண்டு மூன்று முறை குதித்தால் ஷாக் பலவீனம். ஒரே முறையில் நின்றுவிட்டால் நல்லது என்று உறுதி சொல்ல முடியாது, ஏனென்றால் இந்தச் சோதனையில் மோசமானது மட்டும்தான் மாட்டும். டயர் திட்டுத்திட்டாகத் தேய்ந்திருப்பது இன்னொரு சாட்சி.

மாற்றினால் முன் ஜோடி அல்லது பின் ஜோடியாக மாற்றுவது நியாயம். ஒரு பக்கம் புதுசும் மறுபக்கம் பழசும் இருந்தால் பிரேக்கிலும் வளைவிலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நாலும் ஒரே நாளில் சாவது மட்டும் எனக்கு ஆச்சரியம்தான்.

ஊட்டியில் சத்தம் வருகிறது. கோவை ஷோரூமில் விட்டால் "சத்தமே இல்லை சார்" என்கிறார்கள்.

பொய் சொல்லவில்லை. 85 கிலோமீட்டர் இறங்கி, வெயிலில் நின்ற வண்டியில் ரப்பர் எல்லாம் இளகியிருக்கும். அங்கே ரோடும் வேறு. அதனால் சத்தத்தை இங்கேயே பிடித்து வையுங்கள். போனைச் சக்கரத்துக்கு அருகில் தரையில் வைத்து, வண்டி அதைத் தாண்டிப் போகும்போது பதிவு செய்யலாம். உள்ளேயிருந்து ஒரு பதிவு, அதில் "இப்போ இடது வளைவு, இப்போ பிரேக்" என்று உங்கள் குரல். அப்புறம் வண்டியை இரவு அங்கேயே விட்டு, விடியற்காலை முதல் ஸ்டார்ட்டில் டெக்னீஷியனை உங்களோடு ஓட்டச் சொல்லுங்கள். அட்வைசர் இல்லை, டெக்னீஷியன். அட்வைசர் எழுதுகிறவர், கேட்கிறவர் டெக்னீஷியன்.

குன்னூரிலோ ஊட்டியிலோ உங்கள் கம்பெனியின் சின்ன சர்வீஸ் பாயிண்ட் இருந்தால் கண்டுபிடிக்கும் வேலையை அங்கே முடித்து, எழுத்தில் வாங்கிக்கொண்டு, பெரிய வேலைக்கு மட்டும் கீழே இறங்குவது நல்லது.

40 ஆயிரத்துக்கு எஸ்டிமேட் வந்திருக்கிறது. எப்படிப் படிப்பது?

என் வண்டிக்கே வந்த ஒன்றைச் சொல்கிறேன். கட்டபெட்டு ரோட்டில் லொடலொட என்று ஆரம்பித்தது. ஷோரூம் கொடுத்த தாள்: முன் ஷாக் இரண்டு 11,800. ஸ்ட்ரட் மவுண்ட், பேரிங் 4,600. லோயர் ஆர்ம் இரண்டு 9,400. லிங்க் ராடு இரண்டு 2,900. லேபர் 8,200. வீல் அலைன்மெண்ட் (சக்கரக் கோணம் சரிசெய்வது), பேலன்சிங் 1,500. ஏ.சி. கிளீனிங் 1,450. அடிப்பாகக் கோட்டிங் 1,900. மொத்தம் 41,750 ரூபாய்.

கோத்தகிரியில் வருஷத்தில் எத்தனை நாள் ஏ.சி. போடுகிறோம்? அதை முதலில் அடித்தேன். கோட்டிங்கையும் அடித்தேன், சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிறகு கேட்டது ஒரே கேள்வி: "இதில் எது எது தேய்ந்திருக்கிறது என்று லிஃப்டில் ஏற்றிக் காட்ட முடியுமா தம்பி?" அவர் கொஞ்சம் தயங்கினார், பிறகு அழைத்துப் போனார். டெக்னீஷியன் நெம்புகோல் கம்பியை வைத்து ஒவ்வொன்றாக அசைத்தார். ஆர்ம் புஷ்ஷில் பிளே இல்லை. ஷாக் காய்ந்து சுத்தமாக இருந்தது. இடது லிங்க் ராடு மட்டும் கையாலேயே ஆடியது, ஸ்டெபிலைசர் புஷ்ஷும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. லிங்க் ராடு 2,900, புஷ் 640, லேபர் 960. 4,500 ரூபாயில் சத்தம் நின்றது.

எல்லா முறையும் இப்படி நடக்காது. இன்னொரு தடவை நான் "லிங்க் ராடுதான், வேறு எதுவும் வேண்டாம்" என்று பிடிவாதமாக இருந்தேன். காட்டச் சொன்னேன், காட்டினார்கள், பால் ஜாயிண்ட் ஆடியது. மூக்குடைபட்டுக்கொண்டு பணம் கட்டினேன். கேள்வி அவர்களைச் சந்தேகப்படுவதற்காக இல்லை, தேய்மானத்தை நம் கண்ணால் பார்ப்பதற்காக.

எஸ்டிமேட்டில் அடுத்துப் பார்க்க வேண்டியது லேபர். ஷாக் மாற்ற ஸ்ட்ரட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றிய ஸ்ட்ரட்டில் மவுண்டும் பேரிங்கும் கையோடு வந்துவிடும். அப்படியிருக்க மவுண்டுக்குத் தனி லேபர் போட்டிருந்தால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி. மெதுவாகக் கேட்டால் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

மூன்றாவது, விலை. கம்பெனி பாகத்தின் பொட்டலத்தில் எம்.ஆர்.பி. அச்சடித்திருக்கும், அது வரி எல்லாம் சேர்ந்தது. பில்லில் வரியைத் தனியாகப் பிரித்துக் காட்டலாம், கூட்டுத்தொகை எம்.ஆர்.பி.யைத் தாண்டக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு முன் பலவற்றுக்கு 28. பழைய எஸ்டிமேட்டை வைத்துக்கொண்டு பேசுகிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

எல்லாம் உண்மையாகவே தேய்ந்திருக்கிறது, ஆனால் பணம் இல்லை. எதை முதலில் செய்வது?

வண்டியைப் பிடித்துவைக்கும் பாகங்கள் முதலில்: பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு, பேரிங், கிழிந்த ஆர்ம் புஷ். அடுத்து ஷாக். லிங்க் ராடு, ஸ்டெபிலைசர் புஷ், மவுண்ட் இரைச்சல் எல்லாம் அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம். ஆனால் ஸ்ட்ரட்டை எப்படியும் கழற்றுகிற நாளில் மவுண்டையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அதே கூலியை மறுபடி கொடுப்பீர்கள். தேயிலைக்கு விலை கிடைக்காத வருஷங்களில் எஸ்டேட் வண்டிகளை நாங்கள் இந்த வரிசையில்தான் ஓட்டினோம்.

வெளியே ரிப்பேர் செய்தால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டுகிறார்கள்.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் வைத்திருந்ததும், வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று சொன்னதும் அந்த வழக்கின் மையம். அதன் மேல் மேல்முறையீடுகள் நடந்தன, அது தனிக் கதை. நடைமுறையில் நான் சொல்வது இதுதான்: லிங்க் ராடை வெளியே மாற்றினால் கியர்பாக்ஸ் வாரண்டி எப்படிப் போகும் என்று எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பதில் பெரும்பாலும் வாய்வார்த்தையோடு நின்றுவிடும்.

அதே சமயம் வாரண்டி இருக்கும்போது வெளியே போவது புத்திசாலித்தனமும் இல்லை. சஸ்பென்ஷன் பாகங்களில் எதற்கு எவ்வளவு காலம் என்று வாரண்டிப் புத்தகத்தில் இருக்கும், ரப்பர் பாகங்களைத் தேய்மானம் என்று பல கம்பெனிகள் ஒதுக்கியிருக்கும். ஷோரூம் போவதற்கு முன் அந்தப் பக்கத்தைப் படித்து மடித்து வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டி முடிய ஒரு மாதம் இருக்கும்போது சின்னச் சத்தத்தையும் ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது ஷோரூம் எழுதும் வேலைச் சீட்டு) எழுதவைத்துவிட வேண்டும்.

வெளி மெக்கானிக்கிடம் செய்தால் பார்ட்ஸ் எது வாங்குவது?

கார் கம்பெனிக்கே பாகம் செய்து கொடுக்கும் தயாரிப்பாளர் அதே பாகத்தைத் தன் சொந்தப் பெயரிலும் விற்பார். அது கிடைத்தால் அதுதான் என் தேர்வு. கோவையில் தேடினால் பெரும்பாலும் கிடைக்கும், அன்றைக்கே பஸ் பார்சலில் மேலே வந்துவிடும். பெயரே இல்லாத பொட்டலத்தில் வரும் பால் ஜாயிண்டை மட்டும் தொடாதீர்கள்.

லோயர் ஆர்ம் முழுசாக மாற்ற வேண்டுமா, புஷ் மட்டும் போதுமா என்று கேளுங்கள். ஆர்ம் வளையாமல், பால் ஜாயிண்ட் நன்றாக இருந்தால், புஷ்ஷைப் பிரஸ்ஸில் தள்ளி மாற்றலாம். ஷோரூமில் பல மாடலுக்கு முழு ஆர்மாகத்தான் தருவார்கள். சுத்தியால் அடித்துப் புஷ் ஏற்றும் இடத்தில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஸ்பிரிங் இடையில் ரப்பர் கட்டை வைத்தால் சரியாகுமா?

சத்தத்துக்கு மருந்து இல்லை அது. ஸ்பிரிங்கின் சில சுற்றுகளை வேலை செய்யவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான்.

டயர் காற்றுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. காற்று அதிகமானால் டயர் கல்லாகி, டயர் வாங்க வேண்டிய அடியைச் சஸ்பென்ஷன் வாங்கும். மேலே ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் சுமார் 3 பி.எஸ்.ஐ. கூடக் காட்ட வேண்டும், குளிர் அதே அளவுக்குக் குறைத்துவிடும். இரண்டும் ஏறக்குறைய கழிந்துபோகும். அதனால் ஊட்டிக்கு என்று தனிக் கணக்கு வேண்டாம், கதவோரம் ஒட்டியிருக்கும் அளவை இங்கே, காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள்.

பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இன்சூரன்ஸ் கிடைக்குமா?

திடீர் அடியில் ஆர்மோ ரிம்மோ வளைந்தால் கேட்கலாம். நாள்பட்ட தேய்மானத்துக்குக் கிடையாது. வண்டியை நகர்த்தும் முன் அந்தப் பள்ளத்தோடு சேர்த்துப் படம் எடுத்து, ரிப்பேருக்கு முன்பே தகவல் சொல்லுங்கள். சாதாரணப் பாலிசியில் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையைக் கழிப்பார்கள். 1,500 சி.சி. வரை உள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000 ரூபாய் நம் பங்கு. போதாததற்கு, கிளைம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, அதாவது 20 முதல் 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும் நோ கிளைம் போனசும் போய்விடும். ஐந்தாறு ஆயிரம் ரூபாய் வேலைக்குக் கிளைம் போடுவது எலியைப் பிடிக்கக் குடிசையைக் கொளுத்துகிற கதை.

பணமும் கட்டியாயிற்று, சத்தமும் போகவில்லை. இனி?

சண்டையை வாசலில் போடாதீர்கள், தாளில் போடுங்கள். வேலை கொடுக்கும்போதே ஜாப் கார்டில் "சஸ்பென்ஷன் செக்" என்று எழுதவிடாமல் "இடது முன் சக்கரம் குழியில் இறங்கும்போது லொடலொடச் சத்தம், அதை நீக்க வேண்டும்" என்று எழுதவைத்திருந்தால் இப்போது உங்கள் பக்கம் பலம். மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள். அட்வைசர் "எதுக்கு சார், கழிவுதானே" என்பார். கழிவாக இருந்தாலும் பணம் கொடுத்தது நாம். வாரண்டியில் மாற்றியது என்றால் மட்டும் அவர்கள் வைத்துக்கொள்வார்கள்.

வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் அதே வாக்கியத்தோடு புது ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். இரண்டாவது முறையும் சரியாகாவிட்டால் சர்வீஸ் மேனேஜருக்கும் கார் கம்பெனிக்கும் மெயில், பில்லும் வீடியோவும் இணைத்து. பெரும்பாலான வழக்கு இங்கேயே முடியும், தேவையில்லாமல் மாற்றிய பாகத்துக்கு லேபரையாவது திருப்பித் தருவார்கள். அப்படியும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமும் இல்லை. ஆனால் கையில் தாள் இருக்க வேண்டும்.

சத்தம் நின்றுவிட்டது. இப்போது வண்டி இடது பக்கம் இழுக்கிறது.

ஸ்ட்ரட், ஆர்ம், டை ராடு எண்டு இதில் எதைத் தொட்டாலும் வீல் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும், பார்த்திருக்க மாட்டார்கள். அளவு அச்சடித்த தாளை, முன்பு எவ்வளவு பின்பு எவ்வளவு என்று இரண்டும் இருக்கும்படி வாங்குங்கள். அதிலும் சரியாக இருந்தால் முன்டயர் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பு பக்கம் மாறினால் டயர். டயரில் சுற்றும் திசை அம்புக்குறி போட்டிருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.